மூன்றாம் ஆண்டின் எடை

ஆந்திரத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் நகரிக்கு உடல் இளைக்கும் யோசனைகள் இரண்டு மொழிகளில் வந்து சேர்கின்றன. விஜயவாடா பக்கமிருந்து தெலுங்கில் வந்தது வீரமாச்சினேனி ராமகிருஷ்ணாவின் உணவுமுறை. 2017, 2018 வாக்கில் இரு தெலுங்கு மாநிலங்களிலும் அவர் கூட்டங்களுக்குப் பெருங்கூட்டம் திரண்டது. அரிசியும் இனிப்பும் அடியோடு கூடாது. நாளுக்கு 70 முதல் 100 கிராம் தேங்காய் எண்ணெயோ நெய்யோ, 3 எலுமிச்சம்பழம், 4 லிட்டர் தண்ணீர், 2 வைட்டமின் மாத்திரை. இவ்வளவுதான் அதன் சாரம். தெற்கே திருத்தணிப் பக்கமிருந்து தமிழில் வந்தது பேலியோ. நியாண்டர் செல்வன் தொடங்கிய ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ முகநூல் குழுவும் அவருடைய புத்தகமும் அதைப் பரப்பின. முட்டை, இறைச்சி, பனீர், பாதாம் உண்டு. சோறும் இட்லியும் இல்லை. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுகிற நகரிக்காரர்கள் இரண்டையும் கேட்டார்கள், சிலர் இரண்டையும் முயன்றும் பார்த்தார்கள்.

இவை இரண்டும் அறிவுரையை இலவசமாகக் கொடுத்தவை. மூன்றாவது வகை காசுக்கு வருவது. மின்கம்பங்களிலும் பேருந்து நிலையச் சுவர்களிலும் ஒட்டிய ‘எடை குறைக்க அழைக்கவும்’ துண்டுத்தாள். காலையில் திறக்கும் ஒரு முன்னறை. எடை பார்க்கும் இயந்திரம். சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு டம்ளர் ஷேக், கூடவே மூலிகைத் தேநீர். சுவரில் ‘முன்பு’, ‘பின்பு’ என்று இரண்டிரண்டு படங்கள். தென்னிந்தியாவின் சிறு ஊர்களில் இந்த முன்னறைகள் இன்று சாதாரணம். பெருநகரங்களில் இதே வியாபாரம் குளிர்சாதன அறையில், பல்லாயிரம் ரூபாய் ‘பேக்கேஜ்’ என்ற பெயரில் நடக்கிறது. சேர்ந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. “அக்கா, ரெண்டே மாசத்துல நாலு கிலோ இறங்கிட்டேன்” என்றால் இறங்கியிருக்கும். நான் கேட்க விரும்புவது அப்படிச் சொன்னவரின் மூன்றாம் ஆண்டைப் பற்றி. இந்தத் துறையின் அறிவியல் முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நிற்கிறது.

எடை குறைப்பைக் கட்டணச் சேவையாக்கி உலகெங்கும் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் நியூயார்க்கின் ஜீன் நைடெச் என்ற இல்லத்தரசி. தோழிகளை வீட்டுக்கு அழைத்து, ஒருவர் திண்டாட்டத்தை மற்றவரிடம் சொல்லிக்கொள்ள வைத்தார். அது 1963-இல் ‘வெயிட் வாட்சர்ஸ்’ நிறுவனமானது. வாரக் கூட்டம், வார எடை, கைதட்டல். இத்தகைய திட்டங்களைச் சோதித்த 45 ஆய்வுகளை 2015-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கிம்பர்லி குட்சூன் குழு ஒன்றுதிரட்டிப் பார்த்தது. ஓராண்டு முடிவில், வெறும் அறிவுரை பெற்றவர்களைவிட வெயிட் வாட்சர்ஸ் சென்றவர்கள் 2.6 சதவீதம் கூடுதலாக எடை குறைந்திருந்தார்கள். தயாரித்த உணவையும் சேர்த்து விற்கும் ஜென்னி கிரெய்க் திட்டத்தில் 4.9 சதவீதம். 80 கிலோ எடையுள்ளவருக்கு முதலாவது 2 கிலோ, இரண்டாவது 4 கிலோ. பயனே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சுவரில் தொங்கும் படங்களுக்கும் இந்த எண்களுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் காசு கட்டுபவர் அறிந்திருக்க வேண்டும்.

அந்தத் தூரம் எப்படி உண்டாகிறது? விட்டுப்போனவர்களின் படம் சுவரில் ஏறுவதில்லை. 2005-இல் பாஸ்டனில் மைக்கேல் டான்சிங்கர் 160 பேரை அட்கின்ஸ், ஸோன், ஆர்னிஷ், வெயிட் வாட்சர்ஸ் என்ற நான்கு முறைகளுக்குக் குலுக்கல் முறையில் பிரித்தார். ஓராண்டைத் தாண்டியவர்கள் 93 பேர் மட்டுமே. விலகியவர்களையும் கணக்கில் வைத்தபோது நான்கிலும் சராசரி இழப்பு 2 கிலோவுக்கும் 3.3 கிலோவுக்கும் இடையில்தான் இருந்தது. எந்த முறை என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. யார் எவ்வளவு கடைப்பிடித்தார்கள் என்பதே தீர்மானித்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரிடம் கொழுப்பைக் குறைத்த உணவையும் மாவுச்சத்தைக் குறைத்த உணவையும் ஒப்பிட்டார். ஓராண்டில் 5.3 கிலோ, 6 கிலோ. அந்த வேறுபாடு புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. தேங்காய் எண்ணெயா பாதாமா ஷேக்கா என்று நகரித் தெருக்களில் நடக்கும் வாதம் இந்த ஆய்வுகளின் முன் ஓய்ந்துவிட வேண்டியது.

இனி உடல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். “விட்டுட்டேன்க்கா, திரும்ப ஏறிடுச்சு” என்று குற்றவாளியைப்போலத் தலைகுனிந்து சொல்கிறவர்களுக்காகவே இந்தப் பகுதியை விரித்து எழுதுகிறேன்.

1944-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்தார். போரில் பட்டினி கிடந்த ஐரோப்பியர்களுக்கு மீண்டும் எப்படி உணவூட்டுவது என்று அறிவதே நோக்கம். 24 வாரம் அவர்களுக்குக் கிடைத்தது நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. இன்று பல எடை குறைப்புத் திட்டங்கள் விதிக்கும் அளவைவிட இது அதிகம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நல்ல உடல்நலத்தோடு வந்த அந்த இளைஞர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், மனம் சோர்ந்தார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு முட்டிய பிறகும் பசி அடங்காமல் தின்றார்கள். பெருந்தீனி என்று நாம் ஏளனமாகச் சொல்லும் நடத்தை, அதுவரை அதை அறியாதவர்களிடம் பட்டினியின் விளைவாகத் தோன்றியது.

ஹார்மோன்களை அளக்கும் வசதி வந்த பிறகு காரணம் இன்னும் தெளிவானது. மெல்பர்னில் பிரியா சுமித்ரன் குழு பருமனான 50 பேருக்கு 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தது. சராசரி 13.5 கிலோ குறைந்தது. ஓராண்டு கழித்து, தொடர்ந்து வந்தவர்களின் இரத்தத்தைப் பார்த்தார்கள். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், அதாவது போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன், இன்னும் தாழ்ந்தே இருந்தது; பசியைக் கிளப்பும் கிரெலின் இன்னும் உயர்ந்தே இருந்தது. எடை திரும்ப ஏறத் தொடங்கியிருந்தும் பசி பழைய நிலைக்கு வரவில்லை. 2011-இல் வெளியான இந்த ஆய்வை எடை குறைப்பு நிலையங்கள் வாசலிலேயே ஒட்டிவைத்தால் நல்லது.

செலவுப் பக்கமும் சுருங்குகிறது. வருமானம் குறைந்த வீடு விளக்கை அணைத்துச் செலவைச் சுருக்குவதுபோல, இளைத்த உடல் படுத்திருக்கும்போது எரிக்கும் சக்தியைக்கூடக் குறைத்துக்கொள்கிறது. ‘த பிக்கெஸ்ட் லூசர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேர் போட்டி முடிவில் சராசரி 58 கிலோ இழந்திருந்தார்கள். கெவின் ஹால் குழு 6 ஆண்டுகள் கழித்து அவர்களை மீண்டும் அளந்தது. 41 கிலோ திரும்ப வந்திருந்தது. ஆனால் ஓய்வு நிலையில் எரியும் சக்தி, அந்த உடல்வாகுக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்கு 499 கலோரி குறைவாகவே நின்றது. எடையை மீட்டுக்கொண்ட பிறகும் உடல் சிக்கனத்தை விடவில்லை. ஒருவர் இதை மன உறுதியால் மட்டும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமற்றது. அப்படி எதிர்பார்த்துவிட்டு, தோற்றதும் இன்னொரு பேக்கேஜ் விற்பது அதைவிட மோசம்.

அதிகம் உண்பது எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கும் அதே கெவின் ஹால் 2019-இல் ஒரு நேர்த்தியான விடை கொடுத்தார். 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலைப் பாக்கெட் உணவுகளும் இரண்டு வாரம் வீட்டுச் சமையல் போன்ற உணவும் கொடுத்தார். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, கலோரி எல்லாம் இரண்டு பக்கமும் சமம். வேண்டிய அளவு உண்ணலாம். பாக்கெட் உணவு வாரங்களில் அவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டார்கள், தாங்கள் அதிகம் உண்கிறோம் என்று உணராமலே. தூக்கமும் இதில் பங்கு கொள்கிறது. 2004-இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு 4 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது லெப்டின் 18 சதவீதம் இறங்கி, கிரெலின் 28 சதவீதம் ஏறியது. மாவுப் பண்டங்கள் மீதும் இனிப்பு மீதும் ஆசை கூடியது. விசைத்தறி இரவிலும் ஓடும் தெருவில் இதை வாசிப்பவருக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. இரவு ஷிஃப்டில் தேநீரும் பிஸ்கட்டும் தேடும் கை சோம்பேறியின் கை அல்ல.

தறியைச் சொன்னதால் ஊரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நகரியும் அதை ஒட்டிய ஏகாம்பரகுப்பமும் நெசவுக்குப் பேர் போனவை. குழித்தறியில் ஒவ்வொரு ஊடை இழைக்கும் கால் மிதிக்க வேண்டும், கை நாடாவை இழுக்க வேண்டும், பலகையை அடிக்க வேண்டும். விசைத்தறி வந்ததும் அந்த உழைப்பை மோட்டார் எடுத்துக்கொண்டது. ஆளுக்கு மிஞ்சியது நின்று கவனிப்பதும் அறுந்த இழையை முடிப்பதும். அதே காலத்தில் தட்டும் மாறியது. சித்தூர் மாவட்டத்தின் மேட்டுநிலங்களில் கேழ்வரகுக் களிதான் உழைப்பாளியின் சாப்பாடு, தெலுங்கில் சங்கட்டி. 1983-இல் ஆட்சிக்கு வந்த என்.டி.ராமராவ் அரசு கிலோ அரிசியை 2 ரூபாய்க்குக் கொடுத்தது. பசித்த குடும்பங்களுக்கு அது பெரும் வரம், அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் தீட்டிய அரிசி மலிவானதும் களி பின்வாங்கியது. 100 கிராம் கேழ்வரகில் 11 கிராம் நார்ச்சத்து. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. கேழ்வரகு இளைக்கவைக்கும் மந்திரம் என்று இதற்குப் பொருள் இல்லை. கலோரியில் இரண்டும் பெரிதாக வேறுபடுவதில்லை. நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் அதுவும் இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும். வேறுபாடு நாரிலும் மெல்லுவதிலும் வயிறு நிறையும் வேகத்திலும்தான்.

உழைப்பு குறைந்ததும் உணவு மாறியதும் சேர்ந்து கொடுத்த விளைவு 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தெரிகிறது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல்நிறை எண் 25-ஐ எட்டிய, அதாவது எடை மிகுந்த, பெண்கள் ஆந்திரத்தில் 36.3 சதவீதம், ஆண்கள் 31.1 சதவீதம். தமிழ்நாட்டில் 40.4, 37. நாட்டின் சராசரி 24, 22.9. நகரி இந்த இரண்டு மாநிலங்களின் எல்லையில் இருக்கிறது. பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒரே காலத்தில் மன உறுதியை இழந்துவிட்டார்கள் என்று நம்ப முடியாது. சுற்றியுள்ள வாழ்க்கை மாறியிருக்கிறது.

நடந்தால் கரைந்துவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. நம் பகுதிக்கே உரிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். ஏற்றம் சுமார் 650 மீட்டர். 70 கிலோ எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கும் வேலை வெறும் 107 கலோரி. தசைகள் எரிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்குதான் வேலையாக மாறுவதால் உடல் செலவழிப்பது 430 கலோரி. சமதளத்தில் நடப்பதையும் சேர்த்தால் 500-ஐத் தாண்டும். மேலே கிடைக்கும் வழக்கமான லட்டு ஒன்றின் எடை சுமார் 175 கிராம். சர்க்கரை, கடலைமாவு, நெய் கணக்கில் ஏறத்தாழ 700 கலோரி. பல மணி நேர ஏற்றம் ஒரு லட்டுக்கு ஈடாகவில்லை. மலையேறுவது இதயத்துக்கும் தசைக்கும் மனத்துக்கும் செய்யும் நன்மை பெரியது. எடை இறங்குவதை அதற்கு அளவுகோலாக வைத்தால் அந்த நன்மையெல்லாம் தோல்வியாகத் தெரியும்.

எடை இயந்திரம் நம் உடல்களைப் பற்றி அரைகுறையாகத்தான் சொல்கிறது. 2004-இல் ‘லான்செட்’ இதழில் இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கும் ஒரு படம் வந்தது. புனேவின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின். இருவரின் உடல்நிறை எண்ணும் 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்தியருக்குள் கொழுப்பு மறைந்திருக்கிறது, அதுவும் பெரும்பாலும் வயிற்றைச் சுற்றி. இங்கே 23-இலேயே எச்சரிக்கை தொடங்குவது அதனால்தான். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வில் நாட்டின் வயது வந்தோரில் 28.6 சதவீதம் பேருக்குப் பருமன். வயிற்றுப் பருமனோ 39.5 சதவீதம் பேருக்கு.

இங்கேதான், என் பார்வையில், நம் பக்கத்து ஊரான சென்னையில் நடந்த ஆய்வு உலகத்து எடை குறைப்பு ஆய்வுகள் எல்லாவற்றையும்விட நமக்கு முக்கியமாகிறது. மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினருக்குத் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைக்கவும், சர்க்கரையைத் தவிர்க்கவும், நாளுக்கு அரை மணி நேரம் நடக்கவும் வழிகாட்டி, மாதந்தோறும் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார்கள். ஷேக் இல்லை, மூலிகை இல்லை. மூன்று ஆண்டுகளில் முதல் பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. இரண்டாவது பிரிவில் 39.3 சதவீதம் பேருக்கு. அந்த இரண்டாவது பிரிவினரின் எடை குறிப்பிடும்படி இறங்கவே இல்லை.

இதை நிதானமாக வாசிக்க வேண்டும். இதே மனிதர்கள் ஒரு எடை குறைப்பு நிலையத்தில் சேர்ந்திருந்தால் மூன்றாம் மாதமே ‘பயனில்லை’ என்று விலகியிருப்பார்கள். இயந்திரத்தில் முள் அசையாமல் நின்றபோதும் அவர்களின் கணையமும் தசையும் நலம் பெற்றுக்கொண்டிருந்தன. 2013-இல் அதே குழு தென்கிழக்கு இந்தியாவில் வேலைக்குப் போகும் 537 ஆண்களிடம் கைபேசிக் குறுஞ்செய்திகளை வைத்தே இதைச் செய்துகாட்டியது. இரண்டு ஆண்டுகளில் நீரிழிவு வந்தவர்கள், செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம், பெற்றவர்களில் 18 சதவீதம்.

வணிகத் திட்டங்களில் நன்மை தரும் பகுதி எது என்பதும் இதிலிருந்து புரிகிறது. வாரந்தோறும் ஒருவர் பெயர் சொல்லி அழைத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார். நைடெச்சின் தோழிகள் கொடுத்ததும் அதுதான். நகரியின் முன்னறைகளில் பெண்கள் தேடி வருவதும் பெருமளவு அதுவே. வேலைக்கும் அடுப்புக்கும் நடுவே தனக்கென அரை மணி நேரம், தன்னைப் போன்ற நால்வரின் பேச்சு. அதை நான் மதிக்கிறேன். அந்த அக்கறைக்கு விலையாக மாதந்தோறும் ஒரு டப்பா பவுடர் வாங்க வேண்டியிருப்பதையும், வாங்கியவரே விற்பவராக மாறி உறவினரைச் சேர்க்க வேண்டியிருப்பதையும் ஏற்கவில்லை. தம் வருமானம் பிறரின் நம்பிக்கையைச் சார்ந்திருக்கும்போது, எடை திரும்ப ஏறியதை யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் எந்த நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பருமன் அதில் இருக்கிறது. உணவு, ஊட்டச்சத்து என்ற பெயரில் விற்கப்படும் பொருள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நழுவிவிடுகிறது. நேரடி விற்பனைக்கு 2021-இல் வந்த விதிகள், ஆள் சேர்ப்பதற்கே பணம் தரும் பிரமிடு முறையைத் தடுக்கின்றன. பொருள் எடையைக் குறைக்கிறதா என்ற கேள்விக்குள் அவை போவதில்லை.

திடீர் திடீரென்று அடக்க முடியாமல் பெருமளவு உண்டு, பிறகு வெட்கத்தில் ஒளிபவர்களுக்கு இந்த நிலையங்கள் கேடும் செய்யலாம். அது பெருந்தீனிக் கோளாறு என்று மருத்துவம் ஏற்ற ஒரு நோய். உளவியல் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். கடுமையான பத்தியம் அதைத் தூண்டிவிடக் கூடும். அவர்கள் போக வேண்டியது மனநல மருத்துவரிடம்.

இப்போது எடை குறைக்கும் ஊசிகள் வந்துவிட்டன. 2025 மார்ச்சில் மௌன்ஜாரோ, ஜூனில் வெகோவி இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. வெகோவியில் உள்ள செமாக்ளூடைடு 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீதம் எடையைக் குறைத்தது. எந்த வணிக உணவுத் திட்டமும் இதன் அருகில் வந்ததில்லை. வெயிட் வாட்சர்ஸ் நிறுவனம் 2025 மே மாதம் கடன்சுமையால் நீதிமன்றத்தின் திவால் பாதுகாப்பை நாடியதற்கு இத்தகைய ஊசிகளும் ஒரு காரணம். ஆனால் ஊசியை நிறுத்தி ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. மருந்து பசியை மாற்றுகிறது. மருந்து நின்றதும் உடல் தன் பழைய கணக்கை எடுத்துக்கொள்கிறது. ஊசியின் செலவை ஆண்டுக்கணக்கில் ஒரு தறித் தொழிலாளி தாங்க முடியாது.

தாங்கக்கூடியது ஒன்று ஏற்கனவே வீட்டு வாசலுக்கு வருகிறது. 30 வயதைக் கடந்தவர்களைத் தேடி ஆஷா பணியாளர்கள் கொண்டுவரும் மதிப்பீட்டுத் தாளில் எடைக்கு இடமில்லை, இடுப்பளவுக்கு இடம் இருக்கிறது. பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 தாண்டினால் மதிப்பெண் கூடும். குடும்பத்தில் நீரிழிவு, உடலுழைப்பு, புகையிலை, மது ஆகியவற்றையும் சேர்த்து மொத்தம் 4-ஐத் தாண்டுபவரை முதலில் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அளக்க ஆகும் செலவு ஒரு டேப். தாளை நிரப்பிய பிறகு மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்கு அழைத்து, சோறு எவ்வளவு குறைந்தது, பருப்பும் கீரையும் கூடியதா, நடக்க முடிகிறதா, இரவு தூங்குகிறீர்களா என்று பேச ஒரு ஆள் தேவை. சென்னையில் 55-ஐ 39 ஆக்கிய ஆய்வில் அந்த அழைப்பு இருந்தது. நகரியில் அதைத் தொடங்க ஒரு செவிலியரும் ஒரு கைபேசியும் போதும். மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்தாமல் நடத்த வேண்டும்.